அடர்த்தி வரைபடமும் ஆய்வாளரின் தெரிவும்: மாறியின் பரவலைக் காட்சிப்படுத்தும் முறை

ஆய்வுச் சுருக்கம்

எண்வழி ஆய்வுகளில் ஒரு மாறியின் பரவலைக் காட்ட அடர்த்தி வரைபடம் பெரிதும் பயன்படுகிறது. மென்பொருளில் ஒரே கட்டளையால் கிடைத்துவிடுவதால், அவ்வளைகோடு தரவுகளின் நேரடிப் பதிவு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அவ்வளைகோடு, ஆய்வாளரோ மென்பொருளோ செய்த சில தெரிவுகளின் விளைவாகும். இக்கட்டுரை அடர்த்தி வரைபடம் உருவாகும் முறையைச் சிறிய கணக்கீட்டின் வழி விளக்குகிறது. ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் தரவுகளைக் கொண்டு மென்மையாக்க அகலத்தின் பங்கை ஆராய்கிறது. சங்கத் தொகை நூல்களின் அடியளவை முன்வைத்து, இவ்வரைபடம் எவ்விடத்தில் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதைக் காட்டுகிறது.

குறிச்சொற்கள்: அடர்த்தி வரைபடம், பரவல், கர்னல் சார்பு, மென்மையாக்க அகலம், முகடு, அடியளவு.

முன்னுரை

தமிழியல் ஆய்வுகளில் எண்களின் பயன்பாடு வளர்ந்து வருகிறது. சொற்களின் நிகழ்வெண், பாடல்களின் அடியளவு, உயிரொலிகளின் கால அளவு, கள ஆய்வில் தகவலாளர்களின் வயது எனப் பலவகை மாறிகள் தொகுக்கப்படுகின்றன. இவற்றைத் தொகுத்த பின்னர் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கணக்கிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். இவ்விரு எண்களும் பரவலின் மையத்தையும் விரிவையும் கூறுமேயன்றி, அதன் வடிவத்தைக் கூறா. ஒரே சராசரியும் ஒரே திட்ட விலக்கமும் கொண்ட இரு தரவுத் தொகுதிகளுள் ஒன்று ஒற்றை முகடுடையதாகவும் மற்றொன்று இரட்டை முகடுடையதாகவும் இருக்கக்கூடும்.

வடிவத்தைக் காண உதவும் கருவிகளுள் ஒன்று அடர்த்தி வரைபடம். இதனை வரைவது எளிது. வரைந்ததைச் சரியாகப் படிப்பது அத்துணை எளிதன்று. வளைகோட்டின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தரவிலிருந்து வந்ததா, வரைந்த முறையிலிருந்து வந்ததா என்னும் வினாவுக்கு விடை காணாமல் எழுதப்படும் முடிவு, ஆய்வின் முடிவாக இராது. மென்பொருளின் முடிவாகவே இருக்கும். இவ்வினாவை மையமாகக் கொண்டே இக்கட்டுரை அமைகிறது.

1. நிகழ்வுச் செவ்வகமும் அதன் குறையும்

பரவலைக் காட்டும் பழைய முறை நிகழ்வுச் செவ்வகம் ஆகும். மாறியின் வீச்சைச் சம அளவுள்ள இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளியிலும் எத்தனை தரவுகள் விழுகின்றன என எண்ணி, அதற்கேற்ற உயரத்தில் செவ்வகம் வரைவது இதன் முறை. புரிந்துகொள்வதற்கு எளிமையானது; கணக்கிடுவதற்கும் எளிமையானது.

இம்முறையில் இரு குறைகள் உண்டு. முதலாவது, படத்தின் தோற்றம் இடைவெளியின் அகலத்தைப் பொறுத்து மாறும். இரண்டாவது, இடைவெளிகள் எந்த எண்ணில் தொடங்குகின்றன என்பதைப் பொறுத்தும் மாறும். 1, 2, 3 எனப் பிரிப்பதற்கும் 1.5, 2.5, 3.5 எனப் பிரிப்பதற்கும் இடையே தரவில் எந்த மாற்றமும் இல்லை. எனினும் படத்தில் முகடுகள் இடம் மாறலாம், சில வேளைகளில் தோன்றவோ மறையவோ செய்யலாம். அடுத்தடுத்துள்ள 2.99, 3.01 என்னும் இரு மதிப்புகள் வேறு வேறு செவ்வகங்களில் விழுவதும், 2.01, 2.99 என்னும் தொலைவான மதிப்புகள் ஒரே செவ்வகத்தில் அடங்குவதும் இம்முறையின் இயல்பு.

தொடக்கப்புள்ளியால் நேரும் இக்குறையை நீக்குவதற்கு எழுந்ததே கர்னல் அடர்த்தி மதிப்பீடு. எவலின் ஃபிக்ஸ், ஜோசப் ஹாட்ஜஸ் ஆகியோர் 1951இல் எழுதிய அறிக்கையில் இதன் கரு காணப்படுகிறது. முர்ரே ரோசன்பிளாட் 1956இலும் இமானுவேல் பார்சன் 1962இலும் வெளியிட்ட கட்டுரைகள் இதனை முறையான கோட்பாடாக நிலைநிறுத்தின. 1986இல் வெளிவந்த சில்வர்மனின் நூல் இம்முறையைப் புள்ளியியல் துறைக்கு வெளியிலும் கொண்டுசென்றது.

2. வளைகோடு உருவாகும் முறை

அடர்த்தி வரைபடத்தின் அடிப்படை எளிதானது. ஒவ்வொரு தரவுப் புள்ளியின் மீதும் ஒரு சிறு மேட்டை எழுப்ப வேண்டும். எல்லா மேடுகளும் ஒரே வடிவமும் ஒரே அகலமும் கொண்டவை. பின்னர், கிடை அச்சின் ஒவ்வோர் இடத்திலும் அங்கு விழும் மேடுகளின் உயரங்களைக் கூட்ட வேண்டும். அக்கூட்டுத்தொகைகளை இணைக்கும் கோடே அடர்த்தி வளைகோடு. மேட்டின் வடிவத்தைக் கர்னல் சார்பு என்பர். மேட்டின் விரிவை இக்கட்டுரை மென்மையாக்க அகலம் எனவும், சுருக்கமாக அகலம் எனவும் குறிக்கிறது.

ஒரு சிறு கணக்கீடு இதனைத் தெளிவாக்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று எவ்வளவு நேரம் பீறிட்டது என்பதை நிமிடக் கணக்கில் பதிந்த தரவுத் தொகுதி, புள்ளியியல் வகுப்பறைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதன் முதல் ஐந்து மதிப்புகள் 3.600, 1.800, 3.333, 2.283, 4.533 ஆகும். ஒவ்வொன்றின் மீதும், இருபுறமும் 1 நிமிடம் விரியும் முக்கோண மேடு எழுப்பப்படுவதாகக் கொள்வோம். மேடுகள் ஐந்து, மொத்தப் பரப்பு 1 ஆக இருக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு மேட்டின் பரப்பும் 0.2 ஆகும், உச்சி உயரமும் 0.2 ஆகும்.

இனி 3.5 என்னும் இடத்தில் வளைகோட்டின் உயரம் என்ன எனக் காணலாம். 3.600 அங்கிருந்து 0.1 தொலைவில் உள்ளது. ஆகவே தன் உச்சி உயரத்தில் 0.9 பங்கைத் தருகிறது. 3.333 என்பது 0.167 தொலைவில் உள்ளது, 0.833 பங்கைத் தருகிறது. மற்ற மூன்றும் 1 நிமிடத்திற்கு அப்பால் இருப்பதால் எதுவும் தரவில்லை. பங்குகளின் கூட்டுத்தொகை 1.733, இதனை 5ஆல் வகுக்க 0.347 கிடைக்கிறது. இவ்வாறே 3 என்னும் இடத்தில் 3.600, 3.333, 2.283 ஆகியவை முறையே 0.4, 0.667, 0.283 பங்குகளைத் தருகின்றன, உயரம் 0.270 ஆகிறது. 2 என்னும் இடத்தில் உயரம் 0.303. ஆகவே 2இன் அருகே ஒரு மேடும், 3இன் அருகே ஒரு தாழ்வும், 3.5இன் அருகே மற்றொரு மேடும் தோன்றுகின்றன.

இங்குக் கவனிக்க வேண்டியது, 3 என்னும் இடத்தில் ஒரு தரவுகூட இல்லை என்பதாகும். எனினும் வளைகோடு அங்கு 0.270 உயரத்தில் நிற்கிறது. அருகிலுள்ள தரவுகள் அங்கும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்னும் கருதுகோளே அந்த உயரத்தைத் தருகிறது. மாறி தொடர் மாறியாக இருக்கும்போது இக்கருதுகோள் ஏற்கத்தக்கது. அவ்வாறு இல்லாதபோது நேரும் இடர்ப்பாட்டை ஐந்தாம் பகுதி விளக்கும்.

செங்குத்து அச்சைப் படிப்பதிலும் தெளிவு வேண்டும். அவ்வச்சில் உள்ளவை நிகழ்தகவுகள் அல்ல. ஓர் அலகுக்கு எவ்வளவு நிகழ்தகவு என்னும் அடர்த்திகள். வளைகோட்டின் கீழுள்ள பரப்பே நிகழ்தகவைத் தரும். எனவே உயரம் 1ஐ மிஞ்சினால் அது பிழையன்று. தரவுகள் அனைத்தும் அரை நிமிட இடைவெளிக்குள் அடங்கினால், அவ்விடைவெளியில் சராசரி உயரம் 2 ஆகத்தான் இருக்கும். அதே தரவை நிமிடத்திலிருந்து நொடிக்கு மாற்றினால், வடிவம் மாறாமல் உயரம் 60இல் ஒரு பங்காகக் குறையும். இரு வரைபடங்களின் உயரங்களை ஒப்பிடுவதற்கு முன்னர் அவற்றின் அலகுகள் ஒன்றா எனப் பார்ப்பது இன்றியமையாதது.

3. மேட்டின் வடிவமும் அகலமும்

இயல்நிலை வளைவு, முக்கோணம், செவ்வகம், எப்பனெச்னிகோவ் பரவளைவு எனக் கர்னல் வடிவங்கள் பல. இவற்றுள் எதைத் தெரிவு செய்தாலும் விளைவில் பெரிய வேறுபாடு இல்லை. கோட்பாட்டளவில் சிறந்ததான எப்பனெச்னிகோவ் வடிவத்தோடு ஒப்பிட, இயல்நிலை வளைவின் திறன் ஏறத்தாழ 95 விழுக்காடு. செவ்வகத்தின் திறன்கூட ஏறத்தாழ 93 விழுக்காடு. எனவே வடிவத்தைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை.

அகலத்தின் நிலை வேறு. அகலம் மிகக் குறைந்தால் ஒவ்வொரு தரவும் தனித்தனி ஊசிமுனையாக நிற்கும். பரவலின் வடிவம் புலப்படாது. அகலம் மிகக் கூடினால் எல்லா மேடுகளும் ஒன்றில் ஒன்று கரைந்து, எந்தத் தரவும் ஒற்றை முகடுள்ள மணி வடிவமாகவே தோன்றும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே எங்கு நிற்பது என்பதே ஆய்வாளரின் முதன்மையான தெரிவு.

ஆர் மொழியின் அடர்த்திச் சார்பு, எதுவும் குறிப்பிடாதபோது சில்வர்மனின் கட்டைவிரல் விதியைப் பின்பற்றுகிறது. திட்ட விலக்கம், கால்மான இடைவீச்சை 1.34ஆல் வகுத்த ஈவு ஆகிய இரண்டில் சிறியதை எடுத்து, அதனை 0.9ஆல் பெருக்கி, தரவு எண்ணிக்கையின் ஐந்தாம் மூலத்தால் வகுப்பது அவ்விதி. பைத்தானின் சீபார்ன் நிரல்தொகுதி, எதுவும் குறிப்பிடாதபோது ஸ்காட் விதியைப் பின்பற்றுகிறது. அது திட்ட விலக்கத்தைத் தரவு எண்ணிக்கையின் ஐந்தாம் மூலத்தால் வகுக்கிறது. ஒரே தரவை இரு மென்பொருள்களில் கொடுத்தால் இரு வேறு வளைகோடுகள் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

ஐந்தாம் மூலம் என்பதில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. அகலத்தைப் பாதியாகக் குறைக்கத்தக்க அளவுக்குத் தரவு வேண்டுமெனில், எண்ணிக்கையை இரண்டின் ஐந்தாம் அடுக்கு மடங்கு, அதாவது 32 மடங்கு உயர்த்த வேண்டும். சிறிய தரவுத் தொகுதியிலிருந்து நுண்ணிய வடிவங்களை எதிர்பார்ப்பது பொருந்தாது என்பதை இது உணர்த்துகிறது. ஆனால் இருபது தரவுகளிலிருந்து வரைந்த வளைகோடும் இரண்டாயிரம் தரவுகளிலிருந்து வரைந்த வளைகோடும் கண்ணுக்கு ஒரே அளவு வழுவழுப்பாகத் தோன்றும். தரவு எண்ணிக்கையைப் படத்தில் குறிப்பிடாவிடில் படிப்பவர் இவ்வேறுபாட்டை அறிய வழியில்லை.

4. ஓல்டு ஃபெய்த்ஃபுல் தரவு உணர்த்துவது

மேற்கூறிய வெந்நீர் ஊற்றின் தரவு ஆர் மொழியுடனேயே வழங்கப்படுகிறது. அதில் 272 பதிவுகள் உள்ளன. பீறிடும் நேரம் குறைந்த அளவாக 1.6 நிமிடமும் மிகுந்த அளவாக 5.1 நிமிடமும் ஆகும். சராசரி 3.49, இடைநிலை அளவு 4.0, திட்ட விலக்கம் 1.14.

இவ்வெண்களை மட்டும் படிப்பவர், ஊற்று பெரும்பாலும் மூன்றரை நிமிடம் பீறிடும் என எண்ணுவார். அடர்த்தி வரைபடம் அவ்வெண்ணத்தை மறுக்கிறது. வளைகோட்டில் 2 நிமிடத்தின் அருகே ஒரு முகடும், 4.5 நிமிடத்தின் அருகே மற்றொரு முகடும் தெளிவாக நிற்கின்றன. இரண்டிற்கும் நடுவே பள்ளம். பதிவுகளில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சியவை முதல் முகட்டைச் சார்ந்தவை. எஞ்சியவை இரண்டாவதைச் சார்ந்தவை. சராசரியான 3.49 முகட்டில் அமையாமல் பள்ளத்தின் பக்கம் விழுகிறது. அதாவது சராசரி சுட்டும் அளவு, ஊற்று அரிதாகவே பீறிடும் அளவாகும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. குறுகிய பீறிடலில் நிலத்தடி நீர் குறைவாகவே வெளியேறுவதால் அடுத்த பீறிடல் விரைவில் நிகழ்கிறது. நீண்ட பீறிடலுக்குப் பின் நீரும் வெப்பமும் மீண்டும் சேர நேரம் கூடுதலாகிறது. இத்தரவில் காத்திருக்கும் நேரத்தின் பொதுச் சராசரி 70.9 நிமிடம். ஆனால் குறுகிய பீறிடலுக்குப் பின் அது ஏறத்தாழ 55 நிமிடமாகவும், நீண்ட பீறிடலுக்குப் பின் ஏறத்தாழ 80 நிமிடமாகவும் உள்ளது. முன்நிகழ்ந்த பீறிடலின் நேரத்தைக் கொண்டு அடுத்ததைக் கணிக்கும் வழக்கத்தின் அடிப்படை இதுவே. ஒற்றைச் சராசரியை நம்பியவர் முதல் வகையில் பீறிடலைத் தவறவிடுவார். இரண்டாம் வகையில் வீணே காத்திருப்பார்.

இனி அகலத்தின் பங்கைக் காணலாம். ஆர் மொழியின் இயல்பு விதிப்படி, 1.1414 என்னும் திட்ட விலக்கத்தை 0.9ஆல் பெருக்கி, 272இன் ஐந்தாம் மூலத்தால் வகுக்கக் கிடைப்பது 0.335. ஸ்காட் விதிப்படி 0.372. ஷீதர், ஜோன்ஸ் ஆகியோர் 1991இல் முன்வைத்த முறைப்படி 0.14. மூன்றிலும் இரட்டை முகடுகள் தெரிகின்றன. ஆனால் முதல் இரண்டிலும் பள்ளம் மேலெழுந்தும் முகடுகள் தாழ்ந்தும் உள்ளன. அகலத்தை 1.5 ஆக்கினால் இரு முகடுகளும் ஒன்றாகிவிடும். 0.05 ஆக்கினால் பல சிறு முனைகள் தோன்றும்.

கட்டைவிரல் விதிகள் ஏன் மிகை அகலத்தைத் தருகின்றன? பரவல் ஒற்றை முகடுடைய இயல்நிலைப் பரவலை ஒத்தது என்னும் அடிப்படையில் அவ்விதிகள் உருவாக்கப்பட்டன. இங்குத் திட்ட விலக்கம் 1.14 ஆக உயர்ந்திருப்பது, இரு குழுக்கள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்பதால் ஆகும். ஒவ்வொரு குழுவினுள்ளும் திட்ட விலக்கம் அரை நிமிடத்திற்கும் குறைவு. விதியோ இவ்விலகலைக் குழுவின் உள்விரிவாகக் கருதிக்கொள்கிறது. எனவே இரட்டை முகட்டைக் காண வேண்டிய இடத்திலேயே அவ்விதி இரட்டை முகட்டை மழுக்குகிறது.

தமிழ் ஒலியியல் ஆய்வுக்கு இது நேரடியாகப் பொருந்தும். குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரு மாத்திரையும் எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. பேச்சொலிப் பதிவுகளில் உயிரொலிகளின் கால அளவை அளந்து அனைத்தையும் ஒரே வளைகோடாக வரையும் ஆய்வாளர், இரு முகடுகளை எதிர்நோக்குவார். இயல்பு அகலத்தில் ஒரே முகடு தோன்றினால், இன்றைய பேச்சில் குறில் நெடில் வேறுபாடு கால அளவில் மங்கிவிட்டது என முடிவு கூற நேரலாம். அம்முடிவு மொழியைப் பற்றியதா, அகலத்தைப் பற்றியதா என்பதைக் குறைந்தது மூன்று அகலங்களில் வரைந்து பார்க்காமல் கூற இயலாது.

ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்றுக்கு மற்றொரு தரவுத் தொகுதியும் உண்டு. 1985ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் 15 வரை இடைவிடாது பதியப்பட்ட 299 பதிவுகள் கொண்ட அதனை, அசலினி, போமன் ஆகியோர் 1990இல் ஆராய்ந்தனர். இரவில் நிகழ்ந்த பீறிடல்களுள் சில நேரங்கள் நிமிடக் கணக்கில் அளக்கப்படாமல் குறுகியது, நடுத்தரமானது, நீண்டது எனச் சொற்களால் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன. பின்னர் அவை 2, 3, 4 என்னும் எண்களாக மாற்றப்பட்டன. குறைந்த அகலத்தில் வரைந்தால் 2இலும் 4இலும் இவ்வெண்கள் கூர்முனைகளாக எழுகின்றன. மிகுந்த அகலத்தில் அவை கரைந்து, இயற்கையான முகட்டின் பகுதியாகிவிடுகின்றன. இயற்கையின் நிகழ்வும் பதிவாளரின் சொல்லும் ஒரே வளைகோட்டில் கலந்துவிடும் நிலை இது.

கள ஆய்வு செய்வோர் இதே நிலையைத் தகவலாளர்களின் வயதில் காண்பர். பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாதவர்கள் ஐம்பது இருக்கும், அறுபது இருக்கும் எனக் கூறுவது வழக்கம். 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதுகள் குவிவது இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் அறியப்பட்ட ஒன்று. வழுவழுப்பான வளைகோடு இக்குவிவை மறைத்து, வயதுகள் துல்லியமாகப் பெறப்பட்டன என்னும் தோற்றத்தைத் தரும். கிடை அச்சின் கீழ் ஒவ்வொரு தரவுக்கும் ஒரு சிறு கோடு இட்டுவைத்தால் இக்குவிவு உடனே வெளிப்படும்.

5. எல்லையுள்ள மாறிகள்: தொகை நூல்களின் அடியளவு

அடர்த்தி வரைபடம் பொருந்தாத இடங்களை அறிவதும் அதனை அறிவதன் பகுதியே. தமிழ் ஆய்வாளர் எளிதில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மாறி, சங்கப் பாடல்களின் அடியளவு. இம்மாறியில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, அடியளவு தனித்த மாறி. 5 அடிப் பாடல் உண்டு; 6 அடிப் பாடல் உண்டு; 5.4 அடிப் பாடல் இல்லை. முன்னர்க் கண்ட கணக்கீட்டில், தரவில்லாத இடத்திலும் வளைகோடு உயர்ந்து நிற்பதைக் கண்டோம். தொடர் மாறியில் அது நியாயமான ஊகம். இங்கு இல்லாத பாடல்களைக் கற்பிப்பதாகும். இத்தகைய மாறிக்கு, ஒவ்வோர் அடியளவுக்கும் ஒரு பட்டை வரையும் எளிய பட்டை விளக்கப்படமே போதுமானது. அதுவே துல்லியமானதும் ஆகும்.

இரண்டாவது, எல்லைக் கசிவு. குறுந்தொகைப் பாடல்களின் எல்லை 4 முதல் 8 அடி. ஒன்பதடி கொண்ட 307, 391ஆம் பாடல்கள் மட்டும் விலக்கு. ஆர் மொழியின் அடர்த்திச் சார்பு, எதுவும் குறிப்பிடாதபோது, மிகக் குறைந்த மதிப்புக்கும் மிகுந்த மதிப்புக்கும் அப்பால் அகலத்தின் மூன்று மடங்கு தொலைவு வளைகோட்டை நீட்டுகிறது. அகலம் 0.5 எனக் கொண்டால், வளைகோடு 2.5இல் தொடங்கி 10.5இல் முடியும். நான்கடிக்குக் குறைந்த குறுந்தொகைப் பாடல் ஒன்றுகூட இல்லாத நிலையில், வளைகோடு அப்பகுதிக்கும் ஒரு பங்கை ஒதுக்குகிறது. அப்பங்கு 4 என்னும் எல்லையருகே இருக்க வேண்டிய அடர்த்தியிலிருந்து எடுக்கப்பட்டதாகும். எனவே எல்லையில் உண்மையான அளவைவிடக் குறைந்த உயரம் தோன்றும். ஓல்டு ஃபெய்த்ஃபுல் தரவிலும் 1.6இல் தொடங்க வேண்டிய வளைகோடு ஏறத்தாழ 0.6இலேயே தொடங்குகிறது. கால அளவு, வருவாய் போன்ற எதிர்மறை ஆக முடியாத தொடர் மாறிகளில் இக்கசிவு பூச்சியத்திற்குக் கீழேயும் செல்லும். எல்லைக்கு அப்பால் கசிந்த பகுதியை உள்நோக்கி மடக்கிச் சேர்த்தல், மாறியின் மடக்கை மதிப்புகளுக்கு வளைகோடு கணித்து மீள மாற்றுதல் ஆகியவை இதற்கான தீர்வுகள். படத்தை எல்லையில் வெட்டி மறைப்பது தீர்வாகாது. எல்லையருகே உயரம் குறைந்தது குறைந்ததாகவே இருக்கும்.

மூன்றாவது சிக்கலே ஆய்வு முடிவைப் பெரிதும் பாதிக்கும். குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி என்பது மரபாகக் கூறப்படும் வரையறை. ஒருசில பாடல்கள் இவ்வெல்லையைச் சற்று மீறினும், மூன்று நூல்களும் அடுத்தடுத்த மூன்று அடியளவு எல்லைகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன என்பது வெளிப்படை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 400 பாடல்கள். குறுந்தொகையில் மட்டும் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401.

இம்மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, சங்க அகப்பாடல்களின் அடியளவுப் பரவல் என ஒரு வளைகோடு வரைவதாகக் கொள்வோம். புலவர்களின் விருப்பம் பற்றி எதுவும் அறியாமலேயே அவ்வளைகோட்டின் பொதுவடிவத்தை முன்கூட்டிக் கணித்துவிடலாம். ஒவ்வொரு நூலிலும் பாடல்கள் தத்தம் எல்லைக்குள் சீராகப் பரவியுள்ளன என ஒரு பேச்சுக்குக் கொண்டால், குறுந்தொகையில் 401 பாடல்கள் 5 அடியளவுகளுக்குப் பகிர்ந்து, ஓர் அளவுக்கு 80 ஆகும். நற்றிணையில் 400 பாடல்கள் 4 அளவுகளுக்குப் பகிர்ந்து 100 ஆகும். அகநானூற்றில் 400 பாடல்கள் 19 அளவுகளுக்குப் பகிர்ந்து 21 ஆகும். சிதைந்தும் கிடைக்காமலும் போன பாடல்கள் இங்குக் கழிக்கப்படவில்லை. கழித்தாலும் இவ்விகிதம் பெரிதும் மாறாது.

ஆகவே வளைகோடு 9 முதல் 12 அடி வரை உயர்ந்து, பின்னர் வலப்புறம் நீண்டு தாழும். இதனைக் காணும் ஆய்வாளர், சங்கப் புலவர்கள் ஒன்பது முதல் பன்னிரண்டு அடிகளில் பாடுவதையே பெரிதும் விரும்பினர் என எழுதக்கூடும். உண்மையில் அம்முகடு, மூன்று தொகைகளுக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, எல்லைகளின் நீளத்தை மட்டும் வேறுபடுத்திய தொகுப்பு முறையின் நிழலாகும். புலவர் எத்தனை பாடினர் என்பதை அது கூறவில்லை. தொகுத்தோர் எத்தனை எடுத்தனர் என்பதையே கூறுகிறது. ஐங்குறுநூற்றின் 3 முதல் 6 அடி வரையிலான பாடல்கள் ஐந்நூற்றையும் சேர்த்தால் முகடு இடப்புறம் நகரும். அந்நகர்வும் தொகுப்பின் விளைவே.

மென்மையாக்கம் இத்தவறை மேலும் மறைக்கிறது. மேற்கண்ட கணக்கில் 12 அடிக்கும் 13 அடிக்கும் இடையே எண்ணிக்கை 100இலிருந்து 21 ஆகச் சரிகிறது. பட்டை விளக்கப்படத்தில் இது ஒரு படிக்கட்டாகத் தெரியும். ஏன் இங்கு இப்படிச் சரிகிறது என்னும் வினாவை எழுப்பும். அவ்வினா ஆய்வாளரைத் தொகுப்பு வரலாற்றுக்கு அழைத்துச்செல்லும். அடர்த்தி வளைகோட்டிலோ அச்சரிவு மெல்லிய இறக்கமாக மாறி, இயல்பான பரவல்போல் காட்சி தரும். வினா எழாமலே போய்விடும்.

6. குழுக்களை ஒப்பிடுதல்

இரண்டு அல்லது மூன்று குழுக்களின் வளைகோடுகளை ஒரே படத்தில் வரைந்து ஒப்பிடுவது அடர்த்தி வரைபடத்தின் தலையாய பயன். நிகழ்வுச் செவ்வகங்களை ஒன்றன்மேல் ஒன்று வரைந்தால் படம் குழம்பும். வளைகோடுகள் அவ்வாறு குழம்புவதில்லை. எனினும் ஒவ்வொரு வளைகோட்டின் பரப்பும் 1 என்பதால், 20 தரவுகள் கொண்ட குழுவும் 500 தரவுகள் கொண்ட குழுவும் சமமாகவே தோன்றும். குழுக்களின் வடிவத்தை ஒப்பிட இது ஏற்றது. அளவை ஒப்பிட ஏற்றதன்று. மேலும், மென்பொருள் ஒவ்வொரு குழுவிற்கும் தனித்தனி அகலத்தைத் தெரிவு செய்யக்கூடும். சிறிய குழு கூடுதலாக மென்மையாக்கப்பட்டு, அதன் பரவல் உள்ளதைவிட விரிந்ததாகத் தோன்றும். ஒப்பிடும் நோக்கமெனில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அகலத்தை வைத்தும் ஒருமுறை வரைந்து பார்த்தல் வேண்டும்.

7. கடைப்பிடிக்க வேண்டியவை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் நடைமுறைகள் பெறப்படுகின்றன.

மாறி தொடர் மாறியா, தனித்த மாறியா என முதலில் தெளிதல் வேண்டும். சில முழு எண்களை மட்டுமே ஏற்கும் மாறிக்குப் பட்டை விளக்கப்படமே தக்கது.

மாறிக்கு இயல்பான எல்லை உண்டா என்பதையும், அவ்வெல்லை பொருளின் இயல்பால் வந்ததா, தொகுத்தவரின் வரையறையால் வந்ததா என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

மென்பொருள் தரும் இயல்பு அகலத்திலும், அதன் பாதியிலும், இரு மடங்கிலுமாக மூன்று வளைகோடுகளை வரைதல் வேண்டும். மூன்றிலும் நிலைக்கும் முகட்டைப் பற்றி உறுதியாக எழுதலாம். ஒன்றில் மட்டும் தோன்றும் முகட்டை, வேறு சான்று கிடைக்கும்வரை முடிவாக எழுதலாகாது. கட்டைவிரல் விதிகள் இரட்டை முகட்டை மழுக்கும் இயல்புடையவை ஆதலால், ஷீதர்–ஜோன்ஸ் முறையிலும் ஒருமுறை கணித்துப் பார்ப்பது நலம்.

கிடை அச்சின் கீழ்த் தரவுக் கோடுகளை இடுதல் வேண்டும். வளைகோட்டின் எப்பகுதி தரவின்மேல் நிற்கிறது, எப்பகுதி ஊகத்தின்மேல் நிற்கிறது என்பதைப் படிப்பவரே கண்டுகொள்வார்.

படக்குறிப்பில் தரவு எண்ணிக்கை, கர்னல் வடிவம், அகலம், அதனைத் தெரிவு செய்த முறை, பயன்படுத்திய மென்பொருள், எல்லையைக் கையாண்ட விதம் ஆகியவற்றைக் குறிப்பிடுதல் வேண்டும். இரண்டு வரிகளில் அடங்கும் இக்குறிப்பு இல்லையேல், மற்றோர் ஆய்வாளர் அவ்வளைகோட்டை மீள உருவாக்கிச் சரிபார்க்க இயலாது.

முடிவுரை

அடர்த்தி வரைபடம், சராசரி மறைப்பதை வெளிக்கொணரும் வலிமையுடையது. ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்று இருவகையாகப் பீறிடுவதைச் சராசரி மறைத்தது, வளைகோடு காட்டியது. அதே வளைகோடு, அகலம் மிகுந்தால் அவ்விரு வகையையும் ஒன்றாக்கிவிடும். பதிவாளரின் சொற்களை இயற்கையின் நிகழ்வாகக் காட்டிவிடும். தொகுத்தோரின் எல்லைகளைப் புலவரின் விருப்பமாக மாற்றிவிடும். ஒரு பாடத்தைப் பதிப்பிப்பவர் எந்தச் சுவடியை அடிப்படையாகக் கொண்டார், எங்குப் பாடவேறுபாட்டை ஏற்றார் எனக் குறிப்பது தமிழ்ப் பதிப்பு மரபில் நிலைபெற்ற நெறி. வளைகோடும் அவ்வாறு தெரிவு செய்யப்பட்ட ஒரு பாடமே. அதன் தெரிவுகளையும் அதே நேர்மையுடன் குறிப்பது எண்வழித் தமிழாய்வின் கடமையாகும்.